இனி இது நிகழாது

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தால், ஏதோ சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைப்பீர்கள். நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்பார்கள், சத்தம் இருக்காது. இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் நான்காக மடித்த ஒரு தாள். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று அதை நெஞ்சோடு அணைத்திருப்பார்கள். அத்தனை தாளிலும் இருக்கிற கேள்வி ஒன்றுதான். அலரியைப் பெற்றவர்கள் யார்?

இது தூத்துக்குடிக் கதையூகப் பதிவகம். நான் மூன்றாம் ஜன்னல். பெயர் ஜெனோவா. தாளை வாங்குவேன், படிப்பேன், முத்திரை குத்துவேன், ரசீதைக் கிழித்துக் கொடுப்பேன். ரசீதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ‘தங்கள் யூகம் பதிவு செய்யப்பட்டது. இனி இது நிகழாது.’ அவ்வளவுதான். அதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டு முடித்த மாதிரி ஒரு நிம்மதி.

அலரி யார் என்று தெரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ‘தூரக்கரை’ என்கிற விண்வெளித் தொடரின் நாயகி. ஒன்பது வருடமாக ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஊரே தெருவைக் காலி செய்துவிட்டு அதற்கு முன்னால் உட்காருகிறது. முதல் வாரத்தில் மரக்கலம் என்ற சரக்குக் கப்பல், வியாழனுக்கு அப்பால் தன்னந்தனியாக மிதந்த ஓர் உயிர்காப்புக் கூண்டைப் பிடித்து இழுத்தது. உள்ளே மூன்று மாதக் குழந்தை. ஊர் இல்லை, பெயர் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கதைக்குள் இருபது வருடம் தாவி, அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது அந்தக் கப்பலையே ஓட்டுகிறாள். யார் பெற்ற பிள்ளை என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

தொடரை எழுதுவது புனைபொறி. அந்தக் காலத்தில் பொறிகள் கதை எழுத ஆரம்பித்ததும், வேறு சில பொறிகள் முடிவைத் துப்புக் கண்டுபிடித்து முந்திய நாளே ஊருக்குச் சொல்லிவிட்டனவாம். ஒரு தொடரும் உருப்படவில்லை. அதனால்தான் கதையூகத் தடைச் சட்டம் வந்தது. ஒரு யூகம் முறைப்படி பதிவாகிவிட்டால் புனைபொறி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. துப்புப்பொறிகள் லட்சக்கணக்கில் பதிந்து கதையையே திணறடித்துவிடும் என்பதால் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். ஆள் நேரில் வர வேண்டும், தன் கையால் எழுத வேண்டும், வாரத்துக்கு ஒன்றுதான்.

நம் ஆட்களைச் சொல்ல வேண்டுமா? சட்டம் வந்த மறுமாதமே அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். எது நடக்கக் கூடாதோ அதை எழுதிக் கொடுத்தார்கள். ‘கட்டுதல்’ என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. அலரி தொடரில் வருகிற கொடுங்கோல் சக்கரவர்த்தியின் மகளாக இருந்துவிடக் கூடாது என்று, தூரக்கரை தொடங்கிய முதல் வாரமே மாநிலம் முழுக்கப் பதினோராயிரம் பேர் அதைக் கட்டினார்கள். செயற்கைப் பிறவியாக இருக்கக் கூடாது என்று மகளிர் குழுக்கள் வேன் பிடித்து வந்து கட்டின. கப்பல் பூனையைக்கூட விடவில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் வந்து, ‘அலரியின் அப்பா நான்தான்’ என்று எழுதிக் கொடுத்தார். அதற்கும் முத்திரை குத்தினேன். எதற்கு வம்பு?

இதில் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. எது நடக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுகிறாரோ, அதை அவர் வாயைத் திறந்து சொல்லவே முடியாது. சொன்னால் கேட்கிறவன் போய்க் கட்டிவிடுவான். கண்ணு பட்டுவிடும் என்று ஏற்கெனவே பயந்து கிடந்த ஊர்; சட்டமும் சேர்ந்துகொண்டது. தொடரில் தொடங்கிய பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இப்போதெல்லாம் பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள், “எங்க, இது அமையவா போவுது” என்றுதான் வீட்டுக்குள் நுழைகிறார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம், “ஃபெயிலாயிட்டு வா” என்று திருநீறு பூசி அனுப்புகிறார்கள். நல்லதை நினைக்கிறவர்கள் அதை விழுங்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

நானும் ஒன்றை விழுங்கியிருந்தேன். மரக்கலத்தில் தில்லை என்று ஒரு சமையல்காரி உண்டு. வாரத்துக்கு ஒரு காட்சியில் வந்தால் அதிகம், வசனமும் கிடையாது. வருவாள், பரிமாறுவாள், போவாள். அவள்தான் அலரியின் அம்மா என்று இரண்டாம் வருடமே எனக்குத் தோன்றிவிட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஏதோ கிரகத்து ராணி அல்ல, செத்துப்போன வீராங்கனை அல்ல, பக்கத்திலேயே இருந்து சோறு போடுகிற ஒருத்தி. தாள்களைப் பிரிக்கும்போதெல்லாம் தில்லை பெயர் வந்துவிடுமோ என்று முதலில் அதைத்தான் தேடுவேன். ஏழு வருடமாக எந்தப் பதிவகத்திலும் வரவில்லை. அறுநூற்றுச் சொச்சம் கதாபாத்திரங்களில் யாரும் கட்டாத பெயர் ஆறோ ஏழோதான் மிச்சம்.

எனக்கு ஏன் இந்த ஆசை என்றால், நானும் ஒரு கூண்டுக் குழந்தைதான். முப்பத்தோரு வருடத்துக்கு முன் இந்த ஊர்த் தொட்டில் மையத்தில் ஒருத்தி என்னை வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரம் காப்பகத்தில் பெயர் வைக்க ‘ஜெ’ வரிசை ஓடியது, ஜெனோவா ஆனேன். அலரிக்கு இல்லாதது ஒன்று எனக்கு இருந்தது. துணிக்குள் ஒரு துண்டுச் சீட்டு, பென்சிலில் எழுதியது. ‘இவளை இடப்பக்கமாப் படுக்க வைங்கம்மா. அப்பத்தான் உறங்குவா.’ அவ்வளவுதான் எனக்கு வந்த சொத்து. இன்றைக்கும் நான் இடப்பக்கம்தான் படுக்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன் இந்த வேலைக்கு எழுதிப் போட்டதும் அந்தச் சீட்டுக்காகத்தான். இந்தக் காலத்தில் யார் கையால் எழுதுகிறார்கள்? வாயால் சொன்னால் எல்லாம் எழுத்தாகிவிடுகிறது. மாவட்டத்தில் கையெழுத்து வந்து குவிகிற இடம் இது ஒன்றுதான். தினமும் இருநூறு தாள். என்றைக்காவது ஒரு நாள் அந்தக் கை இந்த ஜன்னல் வழியாக வரும் என்று உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிறுக்கு என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள்.

கடைசி அத்தியாயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் வந்தாள். ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கருவாட்டு வாசனை, வெளுத்த நீலச் சேலை, கக்கத்தில் இறக்கை ஒட்டுப் போட்ட ஒரு ட்ரோன். பறவைப்பொறி என்று அரசாங்கம் எழுதும், ஊரில் ட்ரோன்தான். தாளைத் தள்ளினாள். பெயர் சலேத்மேரி, ஊர் சங்குமுனை, தொழில் கருவாட்டு வியாபாரம். யூகம் என்ற இடத்தில், ‘சமையல்காரி தில்லைதான் அம்மா’.

ஏழு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது எனக்கு முன்னால் பேனா மையில் கிடந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்த நேரத்தில் கர்த்தர் காட்டிய வழியாகத்தான் ‘ஆதாரம்’ என்ற கட்டம் என் கண்ணில் பட்டது. அதை நிரப்பாமல் கொடுத்தால் வாங்கக் கூடாது என்பது விதி. அந்தக் கட்டம் காலியாக இருந்தது. விரலால் சுட்டிக் காட்டித் தாளைத் திருப்பித் தள்ளினேன். எந்தக் காரணத்தால் அப்படி நினைக்கிறீர்கள் என்று எழுத வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். பதிவுக்கூடத்தில் நாங்களும் பேச மாட்டோம்.

அவள் தாளை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ‘ம’! அதன் கடைசிக் கோடு கீழே இறங்கித் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. வரி இடமிருந்து வலமாக மெல்ல மேலேறியது. பையிலிருந்து என் சீட்டை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கமா, வைங்கம்மா. மூன்று ‘ம’வுக்கும் தூண்டில். வாசலுக்கு ஓடினேன். சங்குமுனைப் பேருந்து போய்விட்டிருந்தது.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை. தாளில் பார்த்த பெயரும் ஊரும் நினைவில் இருந்தன, போக வேண்டியதுதானே? போகவில்லை. போய்க் கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? ஆமாம் என்றே சொன்னாலும் என்ன செய்வேன்? கண்ணாடியில் என் தாடையைப் பார்த்தேன். அவளுக்கும் இப்படித்தான் சதுரமாக இருந்தது என்று தோன்றியது. காது மடலை, புருவத்தை, உள்ளங்கையை எல்லாம் பார்த்தேன். ரசிகர்கள் அலரிக்குச் செய்கிற அத்தனை பைத்தியக்காரத்தனத்தையும் எனக்கு நானே செய்துகொண்டேன். பக்கத்து ஜன்னல் பாக்கியத்தாயிடம்கூட வாய் திறக்கவில்லை. நல்லதைச் சொல்லக் கூடாது அல்லவா?

மறு செவ்வாய் பதிவுக்குக் கடைசி நாள். மூன்று மணிக்கு ஜன்னலை மூடினால் அதோடு சரி; அதன் பிறகு புனைபொறி தன் முடிவைப் பூட்டிவிடும். பதினோரு மணிக்கு சலேத்மேரி வந்தாள். கையில் அதே தாள். ஆதாரக் கட்டத்தில் இப்போது எழுதியிருந்தாள். ‘ஒன்பது வருசமா பானையில அடி முறுகலைச் சுரண்டி அவ தட்டுல மட்டும் வைக்கா. பெத்தவளுக்குத்தான் அது தெரியும்.’

நான் என் சீட்டை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே தூண்டில், அதே ஏற்றம். தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தேன். பதினோரு வருடமாகக் காத்த அலுவலக ஒழுங்கெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் காற்றில் போனது. எழுந்து நின்று கேட்டேவிட்டேன்.

“நீங்கதான் எங்க அம்மாவா?”

கூடம் முழுவதும் திரும்பியது. என் மேசையில் இருந்த செவிப்பொறி ‘டிங்’ என்றது. எழுதத் தெரியாதவர்கள், கண் தெரியாதவர்கள் வாயால் சொல்லிப் பதிவதற்காக ஒவ்வொரு ஜன்னலிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள். யார் யாருக்கு அம்மா, யார் யாருக்கு அப்பா என்று கூடத்துக்குள் யார் சொன்னாலும் அதற்கு யூகம்தான். சளசளவென்று அச்சடித்து ரசீதை நீட்டியது. ‘ஜன்னல் மூன்றின் யூகம்: எதிரே நிற்பவர் தன் அம்மா. பதிவு செய்யப்பட்டது. இனி இது நிகழாது.’

சலேத்மேரி ரசீதைப் பார்க்கவில்லை. என் சீட்டைத்தான் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு ஜன்னல் கம்பிக்குள் கையை நுழைத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காதோடு சொல்வது போலச் சொன்னாள்.

“எனக்குப் பொறந்தது ஆம்பளப் பிள்ள, தாயி.”

பாக்கியத்தாய் என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்தது, இனி அங்கே உட்கார முடியாது என்று. தாளில் முத்திரை குத்தாமல் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம். எனக்கு மானமே போய்விட்டது. அவளே இரண்டு டீயும் நாலு உளுந்த வடையும் சொன்னாள்.

“மொதல்ல தின்னு பிள்ள. பொறவு அழுவலாம்.”

“கையெழுத்து அச்சா அப்படியே இருக்கே அக்கா” என்றேன். ஜன்னலுக்கு வருகிற பெண்களை ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டும் என்பது எங்கள் அலுவலக மரியாதை. நான் ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த வயதுக்காரிகளெல்லாம் எனக்கு அக்காதான்.

“இருக்கத்தான் செய்யும். சங்குமுனைப் பள்ளிக்கூடத்துல ரெஜினா டீச்சர்னு ஒருத்தி இருந்தா. இந்தக் காலத்துலயும் பென்சில் பிடிச்சு எழுதணும்னு ஒத்தக் கால்ல நின்னவ. ‘ம’வுக்குத் தூண்டில் போடலன்னா முட்டியிலயே போடுவா. அவகிட்டப் படிச்ச பொட்டப் பிள்ளைவ அத்தனை பேருக்கும் இதே கையெழுத்துதான்.” பேசிக்கொண்டே வந்தவள் வடையைத் தட்டில் வைத்தாள். “ஏ பிள்ள, அப்பம் உன் அம்மைக்காரி என்கூடயோ எனக்கு முன்ன பின்னயோ படிச்ச எவளோதான்.”

அவள் அதைச் சொன்னபோது எனக்கு அதன் அர்த்தம் முழுதாக ஏறவில்லை. என் யூகம் செத்துப்போன துக்கத்திலேயே இருந்தேன். வேறு எதையாவது பேச வேண்டும் என்று, “தில்லையை ஏங்க்கா கட்ட வந்தீங்க?” என்று கேட்டேன். தாள் எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது.

அவள் ட்ரோனைத் தூக்கிக் காட்டினாள். “இத யாரு ஒட்டுப் போட்டான்னு நினைக்க? எம்மவன். உடன்குடி ரோட்டுல பட்டறை வச்சிருக்கான், செல்வின்னு பேரு. எனக்கு அப்பம் இருவது வயசு, கல்யாணம் ஆவல. அவன் அப்பன் நிலாச் சுரங்கத்துக்குப் போனவன் திரும்பல. பிள்ளையத் தொட்டில்ல வச்சிட்டு வந்துட்டேன். யாரு எடுத்து வளத்தாங்கன்னு காப்பகத்து ஆயா சொல்லிட்டா. நல்ல சனம். அவன் பட்டறை போட்டதுலருந்து ஆறு வருசமா செவ்வாய்க்கிழம தவறாமப் போறேன்.”

“இது வாராவாரமா ரிப்பேர் ஆவுது?”

“ரிப்பேரா?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “திங்கக்கிழம சாயந்தரம் நானே இறக்கைய முறிச்சிருவேன். செவ்வா காலையில கொண்டு போவேன். ‘ஆன்ட்டி, உங்களுக்குப் பறக்க விடவே தெரியல’ன்னு ஏசுவான். அரை மணி நேரம் ஒட்டுவான். நான் ஸ்டூல்ல உக்காந்து பாப்பேன். அது போதும்னு வந்துருவேன்.”

சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “அவன் தூரக்கரைப் பைத்தியம், கேட்டியா? அலரி சொன்னா அவனுக்கு வேதவாக்கு. தில்லைதான் அம்மான்னு வந்து, அலரி அவளைக் காறித் துப்பிட்டான்னா? இவனும் அதான் நியாயம்னு நினைப்பான். என்னைக்காவது ஒரு நா சொல்லலாம்னு ஒரு சின்ன ஆசை வச்சிருக்கேன், அது மண்ணாப் போயிரும். அதான் அது வரவே வேண்டாம்னு கட்ட வந்தேன்.”

நான் எதற்கு ஏங்கினேனோ அதற்கே பயந்து அவள் தாள் நிரப்பியிருக்கிறாள். நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அது எனக்கு லேசாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். “அக்கா, மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு. கட்டணும்னா சொல்லுங்க. போய் முத்திரை குத்தித் தாரேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “நான் உன் அம்மையா இருந்திருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? துப்பியிருப்பியா? பொய் சொல்லாத.”

நான் யோசித்தேன். முப்பத்தோரு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. “ஏசியிருப்பேன்” என்றேன். “நல்லா, நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி ஏசியிருப்பேன். ஆனா போன்னு சொல்லியிருக்க மாட்டேன்.”

“ஏசுவியா?”

“பின்ன ஏசாமலா?”

டீ ஆறி ஆடை கட்டியது. பிறகு மேசைமேல் இருந்த தாளை எடுத்தாள், அதாலேயே வடை எண்ணெயைக் கையிலிருந்து நன்றாகத் துடைத்தாள், கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். “ஏசுனா ஏசிட்டுப் போறான். வா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. கடைசிக் கதைய எங்க வீட்டுல வந்து பாரு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சங்குமுனைக்குப் போனேன். அவள் வீட்டுத் திரை சின்னது. வெளியே கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். கடைசி அத்தியாயத்தில் போர் முடிந்து, மரக்கலம் பாதி எரிந்து மிதக்கிறது. அலரி பசியோடு அடுக்களைக்கு வருகிறாள். தில்லை வழக்கம் போலப் பானையின் அடியைச் சுரண்டி அவள் தட்டில் வைக்கிறாள். அலரி அந்த முறுகலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு மற்றவர்களின் தட்டுகளைப் பார்க்கிறாள். சலேத்மேரி என் கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

“இத்தனை வருடம் என் பக்கத்திலேயே இருந்தாய்” என்றாள் அலரி. குரல் உயரவில்லை. “ஒரு வார்த்தை சொன்னால் என்ன?”

தில்லை அப்போதும் வாய் திறக்கவில்லை. அலரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். கதவு வரை போனாள். அங்கே நின்றாள். திரும்பி வந்து, உட்காராமலேயே, காலித் தட்டை எடுத்துத் தில்லைக்கு முன்னால் வைத்து, பானையில் இருந்ததை அவளுக்குப் பரிமாறினாள். தொடர் அதோடு முடிந்தது.

“ஏசவே இல்லியே” என்றாள் சலேத்மேரி.

“ஏசிட்டா அக்கா. அதான் ஏச்சு” என்றேன்.

மறுநாள் பதிவகத்தில் கூட்டம் அலைமோதியது. பதிவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்பது வருடப் பழக்கத்தில் கால் தானாக வந்துவிட்டது அவர்களுக்கு. முதன்முறையாக அந்தக் கூடத்தில் இரைச்சலைக் கேட்டேன். “எனக்கு மூணாவது வருசமே தெரியும்” என்றார் ஒருவர். “தில்லையா இருக்கணும்னு மெழுகுவத்தி ஏத்தாத நாள் இல்ல” என்று ஒருத்தி அழுதாள். ஸ்ரீவைகுண்டத்துக் கண்டக்டர்கூட வந்திருந்தார். “நான் என் பேரக் கட்டுனது எதுக்குங்க? தில்லை மேல யாரு கவனமும் போயிரக் கூடாதேன்னுதான்!” என்றார். பாக்கியத்தாய் என் தோளைத் தொட்டு, தனக்கும் எட்டு வருடமாக அதே ஆசைதான் என்றாள். எட்டு வருடம் அவளும் நானும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, ஒரே ஆசையை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருக்கிறோம். ஊரே அப்படித்தான் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உடன்குடி ரோட்டுக்குப் போனேன். சலேத்மேரி வரச் சொல்லியிருந்தாள். “உள்ள வராத, எதிர்த்தாப்புல நில்லு. நான் ஓடி வந்தா பிடிச்சுத் திருப்பி அனுப்பு” என்பது அவள் உத்தரவு. நான் புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். பட்டறை வாசலில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவன் ஏதோ மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். அவன் தாடை சதுரமாக இருந்தது.

“வாங்க ஆன்ட்டி. இன்னைக்கு எந்த இறக்க?” என்றான்.

அவள் ட்ரோனை அவன் மேசையில் வைத்தாள். அவன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஊதிப் பார்த்தான். இறக்கைகளைச் சுற்றிவிட்டான், நான்கும் அழகாகச் சுற்றின. “ஒண்ணும் உடையலியே?”

“ஆமா, உடையல” என்றாள் அவள். “நான் உடைக்கல.”

அதன் பிறகு அவள் குரல் தாழ்ந்துவிட்டது. லாரி ஒன்று குறுக்கே போனது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவன் கையில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றினான். ஏதோ உரக்கக் கேட்டான்; அவன் கத்தியது எனக்குக் கேட்டது, வார்த்தை புரியவில்லை. இரண்டு தடவை கத்தினான். அவள் ஓடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். அவன் உள்ளே போய்விட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்த ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து, தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்து, அவளுக்கு முன்னால் போட்டான்.

நான் அங்கிருந்து நேராகச் சங்குமுனைப் பேருந்தில் ஏறினேன். ரெஜினா டீச்சர் இறந்து பல வருடம் ஆகிறதாம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு இன்னும் இருக்கிறது. சலேத்மேரி ஏற்கெனவே தலைமையாசிரியரிடம் பேசி வைத்திருந்தாள். அவளோடும் முன்பின் வகுப்புகளிலும் படித்த பெண்கள் நாற்பத்து மூன்று பேர். ஊருக்குள் இருக்கிறவர்கள், கட்டிக்கொண்டு போனவர்கள், செத்தவர்கள் எல்லாரையும் அவளுக்குத் தெரியும். நாளை முதல் ஒவ்வொரு வீடாகப் போகப் போகிறோம். சீட்டைக் காட்டுவோம்.

பள்ளிக்கூட வாசலில் கடல் காற்று அடித்தது. ஆள் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வாய்விட்டு, சத்தமாகச் சொன்னேன். என் அம்மா இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் உயிரோடு இருக்கிறாள். நான் அவளைக் கண்டுபிடிப்பேன், நன்றாக ஏசுவேன், போ என்று சொல்ல மாட்டேன்.

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ரசீது எதுவும் வரவில்லை.